ஒரு காரும் கட்டிய மடியும்



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மஹர், இத்தா, மாமியார் மருமகள் பிணக்கு, பிள்ளைகளின் ஓதல் படிப்பு பற்றியவைதாம். கார் எஞ்சினைப் பற்றி ஓர் உம்மா மூன்று பக்கம் எழுதியனுப்பியது இதுவே முதற் தடவை. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை.

விடயம் இதுதான். அவருடைய மூத்த மகன் இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருக்கிறார். வொரண்டி உள்ள கார் ஒன்றை வாங்கி, ஆறு மாதம் போவதற்குள் கூட்டாளிமாரின் பேச்சைக் கேட்டு அதற்கு 'டியூனிங்' செய்திருக்கிறார். அதாவது எஞ்சினின் வலுவைக் கூட்டியிருக்கிறார். இப்போது அதன் டேர்போ பழுதாகிவிட்டது. சொந்தக் காசில் திருத்துவதானால், தங்கையின் கலியாணத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். "உம்மா, நீங்க பயப்படாதீங்க. பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டுட்டு டீலரிட்ட கொண்டு போனா ஒருத்தனுக்கும் புடிபடாது. வொரண்டியிலேயே புதுசு போட்டுத் தருவானுகள்" என்று தொலைபேசியில் சொன்னாராம்.

தாய் என்னிடம் கேட்டிருப்பவை இரண்டு. டீலர் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிக்காவிட்டால் அந்த டேர்போ நமக்கு ஆகுமா? கேள்விகள் இந்த வரிசையில் வந்ததற்காக நான் அவரைக் குறை கூறமாட்டேன். மகன் மாட்டிக்கொள்வானோ என்ற பயம்தான் ஒரு தாய்க்கு முதலில் வரும்.

முதற் கேள்விக்குப் பதில் சொல்லும் அறிவு எனக்கில்லை. சைக்கிள் செயின் கழன்றாலே அடுத்த வீட்டுத் தம்பியைக் கூப்பிடுகிறவன் நான். ஆனால் என்னிடம் நான்கு வருடம் ஓதிவிட்டு மோட்டார் தொழில் படிக்கப் போன மாணவர் ஒருவர் இன்று வளைகுடா நாடொன்றில் கார் டீலரின் வேர்க்ஷொப்பில் இருக்கிறார். அவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். விளங்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

இக்காலத்துக் கார் எஞ்சினை நடத்துவது அதனுள் இருக்கும் ஒரு சிறு கொம்பியூட்டர். எவ்வளவு பெற்றோலைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி விடுவது, டேர்போ எவ்வளவு அமுக்கத்தில் காற்றைத் தள்ளலாம் என்ற கணக்குகளெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. டேர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கி அனுப்பும் சிறு சக்கரம். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலும் சுழலக்கூடியது. டியூனிங் செய்பவர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சொக்கட்டில் தன் லெப்டொப்பைத் தொடுத்து, அந்த அட்டவணைகளை மாற்றி எழுதிவிடுகிறார். டேர்போ உள்ள கார்களில் வலு நூற்றுக்கு 20, 30 வீதம் வரை கூடுவதுண்டு.

மாட்டிறைச்சி சீக்கிரம் வேக வேண்டும் என்று பிரஷர் குக்கரின் விசிலுக்கு மேல் இன்னொரு கனத்தை வைத்தால் எப்படியிருக்கும்? சீக்கிரம் வெந்துவிடும்தான். ஆனால் அந்தப் பாத்திரம் அந்த அமுக்கத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. செய்தவன் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் நாம் பயன்படுத்தித் தீர்க்கிறோம்.

இனி, டீலருக்கு எப்படித் தெரியவருகிறது?

"ஹஸ்ரத், எண்ணெய் மாத்த வாற காரை ஒருத்தரும் துருவிப் பாக்கிறதில்ல. ஆனா எஞ்சின், கியர்பொக்ஸ், டேர்போ மாதிரிப் பெரிய சாமான் போனா கொம்பனிதானே காசு கட்டணும், அப்ப கொம்பனியே எங்களிட்ட ஆதாரம் கேக்கும்" என்றார் என் மாணவர்.

அந்தக் கொம்பியூட்டரில் உள்ள எழுத்து, எண் அனைத்தையும் வைத்துக் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. கடைக் கணக்குக் கொப்பியின் பக்கக் கூட்டுத்தொகை போன்றது. நடுவில் ஓர் எண்ணை மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறிவிடும். கொம்பனியிடம் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் விடயம் வெளிச்சமாகிவிடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ், தனது டீசல் வாகனங்களின் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ வொரண்டியில் மாற்றுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்துப் படம் பிடிக்கும்படி டீலர்களுக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறது. வொக்ஸ்வாகன், ஔடி டீலர்களின் பரிசோதனைக் கருவியோ தொழிற்சாலைக் கொம்பியூட்டரோடு நேரே பேசும். மென்பொருள் பொருந்தாவிட்டால் அந்தக் காரின் இலக்கத்துக்கு எதிரே ஒரு குறி விழும். வேறொரு டீலரிடம் போனாலும் அந்தக் குறி கூடவே வரும்.

"மகன் பழையதைத் திரும்ப எழுதிவிட்டால் எண் சரியாகிவிடுமே?" என்று கேட்டேன். ஆம், எண் சரியாகிவிடும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைச் சில கொம்பியூட்டர்கள் தனியாக வைத்திருக்கின்றன. டீலர் ஒரு தடவையும் எழுதாத காரில் இரண்டு என்று காட்டினால் அது யார் எழுதியது? மருந்துப் போத்தலின் சீலை உடைத்துவிட்டு மூடியைத் திருகி வைப்பது போலத்தான். அந்த எண்ணிக்கையையும் அழித்துத் தருகிறோம் என்று சொல்வோரும் உண்டாம். சில புதிய கார்களில் கொம்பியூட்டர் பெட்டியையே கழற்றித் திறந்துதான் எழுத வேண்டும், திறந்தால் பசையிலும் மூடியிலும் அடையாளம் நிற்கும்.

மென்பொருளைத் தொடாமல், உணர்கருவிக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டியைச் செருகுவது இன்னொரு முறை. உள்ளே அமுக்கம் கூடியிருக்க, குறைவாகத்தான் இருக்கிறது என்று அந்தப் பெட்டி கொம்பியூட்டருக்குச் சொல்லும். பச்சையாகச் சொன்னால், பொய் சொல்வதற்கென்றே செய்த பெட்டி! அதைக் கழற்றி ஒளித்துவிடலாம். ஆனால் பழுது ஏற்பட்ட கணத்தில் எஞ்சின் இருந்த நிலையைக் கொம்பியூட்டர் பதிந்து வைத்திருக்கும். போர்ஷே கார்களில், எஞ்சின் அளவுக்கு மீறி எத்தனை தடவை சுழற்றப்பட்டது என்பது கூடப் படிப்படியாகப் பதிவாகிறது. வொரண்டியை நீடிக்கக் கேட்டால் அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில்.

கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உடைந்த டேர்போவே பேசுமாம். அளவுக்கு மீறிச் சுழன்று சிதைந்த சக்கரத்தின் தோற்றம் வேறு. எண்ணெய் கிடைக்காமல் தேய்ந்து போனதின் தோற்றம் வேறு. அனுபவப்பட்டவர் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

ஆகவே சகோதரி, உங்கள் முதற் கேள்விக்குப் பதில்: கண்டுபிடிக்க நிறைய வழி உண்டு. தப்பிப் போன கார்களும் உண்டு. மகன் சொல்வது போல ஒருவருக்கும் பிடிபடாது என்பது மட்டும் சரியில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

தன் பொருளைத் தான் மாற்றிக்கொள்வது குற்றமல்ல. மகன் வேகம் விரும்பிச் செலவழித்தது வீண் விரயமா என்பது அவருக்கும் அவர் ரப்புக்கும் இடையிலுள்ளது. பிரச்சினை, அந்தப் பழுதுக்கு யார் காசு கட்டுவது என்பதில்தான் தொடங்குகிறது. வொரண்டி என்பது ஓர் உடன்படிக்கை. 'நாங்கள் செய்த எஞ்சின் பழுதானால் நாங்கள் பொறுப்பு' என்று கொம்பனி எழுதிக் கொடுக்கிறது. எஞ்சினின் கணக்கை மாற்றிவிட்டு, மாற்றவேயில்லை என்று காட்டி அந்தப் பொறுப்பைக் கேட்பது, கொடுக்க அவர்கள் உடன்படாத ஒன்றை அவர்களிடமிருந்து எடுப்பதாகும்.

அரபுக் கல்லூரியில் வியாபாரப் பாடம் ஓதிய நாட்களில் எங்கள் உஸ்தாத் 'தஸ்ரியா'வை விளக்கியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். சந்தையில் மடி நிறைந்து தெரியும். நிறையப் பால் தரும் பிராணி என்று வாங்குபவர் நம்பிவிடுவார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவருக்குக் கறந்து பார்த்த பின் வைத்துக்கொள்ளவோ, கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கவோ உரிமை வழங்கினார்கள். மூன்று நாள் அவகாசமும் ஹதீஸில் வந்திருக்கிறது. "ஏன் மூன்று நாள்?" என்று உஸ்தாத் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "முதல் நாள் கட்டின மடி கறக்கும். மூணு நாள் கறந்தால்தான் ஆடு கறக்கும்" என்று சிரித்தார்.

பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டு டீலர் முன் நிறுத்தும் கார் எனக்கு அந்த ஆட்டைத்தான் நினைவூட்டுகிறது. வொரண்டிக்கு மட்டுமல்ல. நாளை இந்தக் காரைக் கொடுத்து வேறு கார் மாற்றும்போதும் இதே நிலைதான். இதே எஞ்சினை, ஒன்றும் அறியாத இன்னொரு குடும்பம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்.

"அவனுகளும் கள்ளனுகள்தானே உம்மா" என்று மகன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அது முற்றிலும் பொய்யுமல்ல. இதே மென்பொருளை வைத்து உலகத்தை ஏமாற்றியது ஒரு பெரிய கொம்பனிதான். புகைப் பரிசோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் நச்சு வாயுவைக் குறைத்து, வீதியில் ஓடும்போது விட்டுவிடும் புரோகிராமை வொக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் எழுதி வைத்திருந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் கார்கள். சட்டம் அனுமதித்த அளவை விட 40 மடங்கு வரை நச்சு வாயு வெளியேறியதாக 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. கொம்பனியின் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் சில நாட்களில் பதவி விலகினார். இந்த முடிச்சை அவிழ்த்தது எது தெரியுமா? மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழு ஒன்று. அளவுகருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, பரிசோதனைக் கூடத்தில் அல்லாமல் வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள். கட்டிய மடியை மூன்று நாள் கறந்து பார்த்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். கொம்பனி செய்த மோசடி, மகனுடைய கோரிக்கையை ஹலால் ஆக்கிவிடாது. அந்தக் கொம்பனியைப் பழித்துக்கொண்டே அதன் வேலையை நாம் செய்வதா?

இவ்வளவும் எழுதிவிட்டுக் கலியாணப் பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நான் உங்கள் கடிதத்தை வாசிக்காதவன் ஆவேன்.

மகன் டீலரிடம் போகட்டும். போனதும் முதல் வார்த்தையாக, "டியூனிங் செய்திருந்தேன்" என்று சொல்லட்டும். சொல்லிவிட்டு, டேர்போவைக் கழற்றிக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கட்டும். எண்ணெய்க் குழாய் அடைபட்டோ வேறு தயாரிப்புக் குறையாலோ அது பழுதாகியிருந்தால், நேர்மையாக வாதாட அவருக்கு இடம் இருக்கிறது. மறைத்துப் போய் மாட்டிக்கொண்டால் அந்த வாதமும் எடுபடாது. டியூனிங் செய்த காரணத்துக்காகக் கார் முழுவதினதும் வொரண்டி போய்விடும் என்று எண்ணவும் வேண்டாம். அமெரிக்காவில் இதற்கென 1975இல் வந்த சட்டமே உண்டு. வேறு சாமான் பூட்டியிருக்கிறாய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அங்கே கையை விரிக்க முடியாது, அந்தச் சாமான்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தில் மகன் தன் வொரண்டிப் பத்திரத்தில் மாற்றம் செய்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை முழுதாக வாசிக்க வேண்டும். வாசித்திருக்க மாட்டார்!

டீலர் மறுத்தாலும் புதிய டேர்போதான் வாங்க வேண்டும் என்றில்லை. பழையதைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுக்கும் வேர்க்ஷொப்புகள் உண்டு, செலவு குறையும் என்கிறார் என் மாணவர். டியூனிங் செய்தவர் ஏதாவது உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் அவரிடமும் கேட்கலாம். அது அவர் கொடுத்த வாக்கு.

இன்னொன்று, இது அவசரம். காப்புறுதிக் கொம்பனிக்கு மகன் டியூனிங்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். வழமையான காப்புறுதி பற்றிய மார்க்கச் சட்டம் வேறு பேச்சு. அங்கே காப்புறுதியில்லாமல் வீதியில் கார் ஓட்ட முடியாது. பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்புறுதி எடுக்கும்போது கேட்ட கேள்விக்கு ஒருவர் வேண்டுமென்றே பொய்ப் பதில் சொன்னால் அந்த ஒப்பந்தத்தையே இல்லாததாக்கிக் கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ள கொம்பனிக்கு முடியும். காரில் மாற்றம் ஏதும் உண்டா என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் காரில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பணம் குறைந்தால் கலியாணம் சில மாதம் தள்ளிப் போகலாம், அல்லது மண்டபத்தை விட்டுவிட்டுப் பள்ளியில் நிக்காஹ், வீட்டில் வலீமா என்று சுருங்கலாம். மகளிடம் மறைக்காமல் பேசிப் பாருங்கள். பெண்பிள்ளைகள் இதை நாம் நினைப்பதை விட இலேசாக எடுத்துக்கொள்வதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கார் கதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. பணம் இன்னும் சேரவில்லை என்றால் போதும், அது உண்மையும்தான்.

மகனோடு கதைக்கும்போது சத்தம் போட வேண்டாம். அவர் உங்களிடம் ஒளிக்காமல் சொன்னாரே, அதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். டேர்போவைக் கழற்றிப் பார்த்து டீலர் என்ன சொன்னார் என்பதை எனக்கு ஒரு வரி எழுதியனுப்புங்கள். என் மாணவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வஸ்ஸலாம்.