நம்ம கதைகளில் ஏன் ஊரே இல்லை?

நம்ம காலேஜ் பசங்க எழுதுற கதைகளைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். காதல் கதைன்னா மெரினா. பேய்க்கதைன்னா ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த பங்களா. சரித்திரக் கதைன்னா முதல் வரியிலேயே குதிரைக் குளம்புச் சத்தம். சயின்ஸ் ஃபிக்‌ஷன்னா 2150, பறக்கிற கார், நியான் விளக்கு. அந்த மெரினாவைத் தூக்கிக் கோவாவில் வைத்தாலும் கதையில் ஒரு வரி மாறப்போவதில்லை. சுண்டலை மட்டும் எடுத்துட்டா போதும்.

வர்ணனை போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. நம்ம கதைகளில் வர்ணனை தேவைக்கு மேலேயே இருக்கு. நிலா காயுது, தென்றல் வீசுது. ஆனா ஓர் இடம் எதனால நிஜமாகுது? அங்கே இருக்கிறவனை அந்த இடம் எதைச் செய்ய விடாமல் தடுக்குது, எதைச் செய்ய வைக்குது, அதனாலதான். நம்ம பாஷையில் சொன்னா பவுண்டரி கண்டிஷன். டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை மட்டும் எழுதி வெச்சா ஆயிரம் விடை வரும். பவுண்டரி கண்டிஷன் கொடுத்தாதான் அது உங்க கணக்கு.

இதுக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். பக்கத்துல, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச ஒருத்தர் போதும். சுஜாதா. ஸ்ரீரங்கம், துப்பறியும் கதை, 1857 சிப்பாய்க் கலகம், சோழர் காலம், சினிமா உலகம், ரோபாட் நாய் என்று அவர் கால் வைக்காத வகை இல்லை. எல்லாத்துக்கும் நேரில் போய் பார்த்துட்டு வந்தா எழுதினார்? 1857-க்கு டிக்கெட் கிடைக்காது.

‘நகரம்’ சிறுகதையை எடுத்துக்குங்க. மதுரை. மீனாட்சி அம்மன் கோயிலை வைத்தே பத்து பக்கம் ஓட்டலாம். அவர் நம்மைக் கூட்டிட்டுப் போறது பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூளைக்காய்ச்சல் வந்த மகளோட கிராமத்திலிருந்து வருகிறாள் வள்ளியம்மாள். படிக்கத் தெரியாது. பெரிய டாக்டர் அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார். ஆனா அந்த ஒரு வார்த்தை நடக்கணும்னா ஒரு சீட்டு வேணும். அந்தச் சீட்டுல ஒரு கையெழுத்து வேணும். கையெழுத்து போடுறவர் வேற இடத்துல இருக்கார். கடைசியில் இடமில்லை, நாளைக்குக் காலையில் வா. இவ்வளவுதான் கதை. கட்டடம் என்ன கலர், எத்தனை மாடி என்பதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை. ஆனா அந்த ஆஸ்பத்திரியில் தொலைந்துபோகிற பயம் அப்படியே இருக்கு. அந்த இடத்தைக் கட்டியது செங்கல் இல்ல, நடைமுறை.

‘என் இனிய இயந்திரா’விலும் அதே வித்தைதான் என்பேன். 1980-களில் எழுதிய தொடர், கதை நடப்பது 2021-இல். அதில் எந்த மெஷின் பலிச்சுது, எது பலிக்கலைன்னு லிஸ்ட் போடுறவங்க நிறைய பேர். எனக்கு அது முக்கியமில்லை. அந்த உலகத்துல பேர் ரெண்டே எழுத்துதான் இருக்கலாம்: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெத்துக்க அரசாங்கத்தோட அனுமதி வேணும். இந்த ரெண்டு விதி போதும், ஜீவாவின் ஆட்சி நம்ம வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்துடுது. ரோபாட் நாய் ஜீனோவை நாம நம்புறது அதுக்கு அப்புறம்தான். (அதே 2021-இல் நிஜ உலகத்துல அனகாபுத்தூர் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோட சேர்ந்தது. ஜீவாவுக்கு இது தெரியாது.)

அனகாபுத்தூர் பெயரைச் சும்மா இழுக்கலை. தென்சென்னைப் புறநகரில் கதை எழுத இடமே இல்லைன்னு நினைக்கிறவங்க பல்லாவரம் – குன்றத்தூர் சாலையில் ஒரு தடவை இறங்கி நடக்கணும். ஒரு பக்கம் அடையாறு. தலைக்கு மேலே விமானம். தெருவுக்குள்ளே நெசவு. வாழைநாரில் சேலை நெய்கிற ஊர்னு இப்போ பத்திரிகைகளில் வருது. அதுக்கு முன்னாடி இங்கே நெய்தது ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்கிற கட்டம் போட்ட துணி. பேர்தான் கைக்குட்டை, உடம்பில் சுற்றிக் கட்டுகிற துணி. அது கப்பலேறி நைஜீரியா போச்சு. அங்கே நைஜர் டெல்டாவில் கலபாரி மக்கள் அதை ‘இன்ஜிரி’ என்பார்கள். அதில் சில இழைகளை வெட்டி உருவி எடுத்து, வேறு ஒரு கோலத்தைக் கொண்டுவருவார்கள். இங்கே ஒருத்தர் நாள் முழுக்க உட்கார்ந்து கோத்த இழையை, கடல் தாண்டி இன்னொருத்தர் பொறுமையா உருவுறார். ரெண்டு பேரும் சந்திச்சதே இல்லை. பிறகு அந்த நாடு இறக்குமதிக்குத் தடை போட, இங்கே தறி நின்றது. சரித்திர நாவலுக்கு அரண்மனைதான் வேணும்னு யார் சொன்னது?

சரி, வர்ணனை வேண்டாம், விதி வேணும்னா அனகாபுத்தூரோட விதி என்ன? என்னைக் கேட்டா, தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேருது. அடுத்து அனகாபுத்தூர். அதையும் தாண்டினால் விமான நிலையம். அதோட இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் கட்டி நிற்குது. 2015 டிசம்பர் 1 ராத்திரி ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வந்தபோது என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கத்து ஆட்களிடம் சொல்லத் தேவையில்லை. விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது.

குழித்தறி தெரியுமா? நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள்ள விட்டு மிதியை மிதிப்பார். மழைக்காலத்துல அந்தக் குழியில் தண்ணி ஊறும். அதாவது வாசலுக்கு வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே அவர் பாதத்துக்கு ஈரம் தெரிஞ்சிடும். டிவி சொல்றதுக்கு முன்னாடி, போன்ல அலர்ட் வர்றதுக்கு முன்னாடி. இந்த ஒரு தகவலை வெச்சு எந்த வகைக் கதையும் எழுதலாம். க்ரைம் கதையா? வெள்ளம் வந்த ராத்திரி வீட்டில் இருந்ததாகச் சொல்கிறவன், குழியில் தண்ணி எப்போ வந்ததுன்னு தப்பாச் சொல்றான்; மாட்டிக்கிறான். சயின்ஸ் ஃபிக்‌ஷனா? சென்சார் எல்லாம் பச்சை காட்டுது, ஒரு கிழவரோட கால் மட்டும் சிவப்பு காட்டுது. புராண வகையா? திருநீர்மலைக்கு அந்தப் பேர் வந்த கதையே வெள்ளம்தான். மலையைச் சுற்றித் தண்ணி சூழ்ந்ததால திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து, வடிஞ்ச பிறகு பெருமாளை சேவிச்சார்னு தலபுராணம். எல்லாத்திலும் விதி ஒண்ணுதான், தண்ணி எப்போ வரும், யாருக்கு முதலில் தெரியும்.

“ப்ரோ, அப்போ ஆராய்ச்சி பண்ணாம எழுதவே கூடாதா?” என்று கேட்பீர்கள். நான் சொல்றது கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். யூடியூபில் ‘வேர்ல்ட் பில்டிங்’ வீடியோ பார்த்துட்டு மேப், கொடி, நாணயம், மூணு ராஜவம்சம் எல்லாம் போட்டு வெச்சுட்டு ஒரு அத்தியாயம் கூட எழுதாதவங்க நம்ம ஹாஸ்டலிலேயே இருக்காங்க. அவ்வளவு வேண்டாம். அசோகமித்திரன் ‘தண்ணீர்’ நாவலில் சென்னையின் ஒரு தெருவை வெச்சுக்கிட்டார். குழாயில் தண்ணி வரலை. அந்த ஒரு தட்டுப்பாட்டிலிருந்து தெருவே எழுந்து நிற்குது. விதி ஒண்ணோ ரெண்டோ போதும், ஆனா அதைக் கதை நடுவில் மீறக்கூடாது. ஹீரோவுக்கு அவசரம்னு ஆஸ்பத்திரி சீட்டு இல்லாம கதவு திறந்துச்சுன்னா, அந்த நிமிஷமே அட்டைச் செட் தெரிஞ்சிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு, கொஞ்சம் அவசரமானது. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் இருந்த வீடுகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். பல வருஷமா அங்கே இருந்த குடும்பங்களுக்குத் தூரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கினாங்க. சரியா தவறா என்கிற வாதம் கோர்ட்டிலும் செய்தியிலும் நடந்தது. அங்கே வர்றது எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் என்கிற எண்ணிக்கைதான். ஒரு வீட்டுக்குள்ளே தண்ணி எந்த மூலையில் முதல்ல ஏறும், எந்தப் பரண் மேலே ரேஷன் கார்டை வைப்பாங்க என்பதெல்லாம் கதை எழுதுறவன்தான் எழுதி வைக்கணும். பத்து கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து நாம நியான் விளக்கு எழுதிட்டு இருக்கோம்.

அப்படி மாறிப்போன ஒரு குடும்பத்தில் ஒரு நெசவாளரைக் கற்பனை பண்ணிப் பாருங்க. புது வீடு மூணாவது மாடி. தரையில் டைல்ஸ். குழி எங்கே தோண்டுவது? கடன் வாங்கி, நின்ற நிலையில் வைக்கிற மரச்சட்டத் தறி ஒண்ணை மேலே ஏற்றுகிறார். முதல் நாள் காலை அஞ்சரை மணிக்கு நாடாவை இழுக்கிறார். சத்தம் கீழே இறங்குது. ரெண்டாவது மாடிக்காரர் நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பதான் படுத்திருக்கார்.