மரம் நடலாம், எந்த ஓடையில்?

'மரம் நடுங்கள், வெள்ளம் குறையும்' என்கிறார்கள். இது பாதி உண்மைதான். இடம் பார்க்காமல் நட்டால் வெள்ளம் கூடவும் கூடும்!

நம்ப முடியவில்லையா? ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் ஊருக்கு மேலே இரண்டு ஓடைகள் சேருகின்றன. மழை பெய்ததும் ஒன்றின் உச்ச வெள்ளம் 3 மணி நேரத்திலும், மற்றதன் உச்சம் 6 மணி நேரத்திலும் ஊரை எட்டுகின்றன. முதல் ஓடையில் மட்டும் தடுப்பு வைத்து 3 மணி நேரம் தாமதப்படுத்தினால் என்ன ஆகும்? அதன் உச்சம் சற்றுத் தணிந்தாலும், இரண்டும் ஒரே வேளையில் வந்து சேரும். இரண்டாவது ஓடையைத் தாமதப்படுத்தியிருந்தால் ஊருக்கு நல்லது.

இரண்டு ஓடைகளைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். இருபது ஓடைகள், வயல், காடு, சரிவு எல்லாம் சேர்ந்தால் கணிப்பொறி இல்லாமல் முடியாது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழும் மழை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடும் என்று அது கணக்கிடுகிறது. இதற்குத்தான் 'மாதிரி' என்று பெயர்.

இங்கிலாந்தின் பிக்கரிங் என்ற சிற்றூரைப் பாருங்கள். 1999, 2000, 2002, 2007 என நான்கு முறை அங்கே வெள்ளம் புகுந்தது. ஊருக்குள் மதில் கட்டும் திட்டம், செலவுக்கேற்ற பலன் இல்லை என்று கைவிடப்பட்டது. பிறகு, மேட்டு நிலத்து ஓடைகளில் எங்கே தடுப்பு வைத்தால் ஊருக்குப் பலன் கிடைக்கும் என்று டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் மாதிரியில் வைத்துப் பார்த்தனர். 2009இல் தொடங்கிய திட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மரக்கட்டைத் தடுப்புகள் வைக்கப்பட்டன. சாதாரண நாளில் நீர் கட்டைகளுக்கு அடியில் ஓடிவிடும். வெள்ளத்தின்போது தேங்கிக் கரையோர நிலத்தில் பரவும். கரையோரம் மரங்களும் நட்டார்கள். 1,20,000 கன மீட்டர் நீரைத் தேக்கும் மண்கரை ஒன்றும் எழுந்தது.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. 2007 வெள்ளத்துக்குப் பின், ஊர்மக்களும் விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். கேள்வி கேட்கவும் திருத்தவும் ஊராருக்கு இடம் இருந்தது. ஆற்றங்கரையில் வாழ்பவரைக் கேட்காமல் செய்த மாதிரி, எவ்வளவு பெரிய கணிப்பொறியில் ஓடினாலும் அரைகுறைதான்.

2015 டிசம்பர் மழையில் பிக்கரிங் தப்பியது. உச்ச வெள்ளம் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது என்றும், அதில் ஏறக்குறைய பாதி மரங்களாலும் கட்டைகளாலும் என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டனர். கவனியுங்கள், இதுவும் கணக்கீடுதான். தடுப்பே இல்லாத இன்னொரு பிக்கரிங் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடையாது. ஊருக்குள் வெள்ளம் புகும் வாய்ப்பை ஆண்டுக்கு 25 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைப்பதே திட்டத்தின் இலக்கு. அதைவிடப் பெரிய மழை வந்தால், கட்டைகளுக்கு மேலாகவே நீர் ஓடும்.