பொதுச் சொத்தும் பொது உழைப்பும்

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது என்பதும், அதை இரவும் பகலும் இறைத்துக் கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும் என்பதும் அவ்வூரார் யாவரும் அறிந்ததே. மண் வாரும் ராட்சத யந்திரத்தை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உண்டு. பம்பை வேடிக்கை பார்க்க வருகிறவர் யார்? ஆனால் பம்பு நின்றால் யந்திரமும் நிற்கும். இதே நிலைமைதான் கட்டற்ற மென்பொருள் என்னும் கம்ப்யூட்டர்க் காரியத்திலும் இருந்து வருகிறது.

கட்டற்ற மென்பொருள் என்றால், எழுதப்பட்ட விதத்தை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விடப்பட்டதாகும். இன்ன பிறவியில் பிறந்தவன்தான் படிக்கலாம் என்று அறிவுக்குப் பூட்டுப் போட்டிருந்த நாட்டில் இதன் அருமையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு இலவசமாய் மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் பாஸ் லினக்ஸ் என்பதும் வைக்கப்பட்டிருந்தது. அது சென்னை சி-டாக் நிலையத்தில், டெபியன் என்பதை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது. அந்த டெபியனோ, உலகமெங்குமுள்ள தொண்டர்கள் கூலியில்லாமல் செய்து வருவது.

சரி, முதலாளி இல்லாத இடத்தில் தீர்மானிப்பவர் யார்? “எவன் முதலில் ஆரம்பித்தானோ அவன் வைத்ததே சட்டம்” என்று சிலர் சொல்லுவார்கள். டெபியனை 1993-ல் ஆரம்பித்தவர் இயான் மர்டாக் என்பவர். ஆனால் 1998-ல் அத்தொண்டர்கள் தங்களுக்கென்று ஒரு சட்டதிட்டம் எழுதிக் கொண்டார்கள். அதன்படி தலைவர் வருஷத்திற்கொருமுறை ஓட்டினால் தெரிந்தெடுக்கப்படுகிறார். அவருடைய முடிவு தவறென்று பட்டால், அங்கத்தினர்கள் ஓட்டெடுத்து அதை மாற்றலாம். யாரையும் வேலை செய்தே தீர வேண்டுமென்று கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரமில்லை. ஒரு பகுதியைப் பராமரித்தவர் விலகிக் கொண்டால், அது ‘அநாதை’ என்று பகிரங்கமாய் அறிவிக்கப்படுகிறது. முன்வருகிறவர் அதை ஏற்றுக் கொள்ளலாம். இதில் பரம்பரைப் பாத்தியதையும் இல்லை, மூடி மறைப்பதும் இல்லை.

பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியின் கதையும் கவனிக்கத்தக்கது. அதை உண்டாக்கிய கைடோ வான் ராசம் என்பவருக்கு ‘நல்லெண்ணமுள்ள ஆயுட்காலச் சர்வாதிகாரி’ என்றே பட்டம் இருந்தது. ஒரு திருத்தத்தைப் பற்றிய சண்டையில் சலிப்படைந்து, 2018 ஜூலையில் அவர் அப்பதவியை விட்டார். பட்டத்து இளவரசன் ஒருவனையும் நியமிக்கவில்லை. ‘நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டார். தொண்டர்கள் கூடி, 2019-ல் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே எஜமானரிடம் வேலை செய்கிறவர்கள் இருவருக்கு மேல் அக்குழுவில் இருக்கக் கூடாது என்றும் விதி செய்தார்கள். நல்ல சர்வாதிகாரி போனால் ஸ்தாபனமே போய்விடும் என்பது எவ்வளவு பொய் என்பது இதனால் விளங்கவில்லையா?

ஆனால் ஓட்டும் விதியும் மட்டும் பம்பை ஓட்டிவிடுமா? ஓட்டாது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்குவதற்கான ஒரு சிறு கருவி. எண்ணற்ற கம்ப்யூட்டர்கள் அதை நம்பியிருந்தும், பல வருஷங்களாய் அதைப் பராமரித்தவர் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதர்தான். அவர் சோர்ந்திருந்த 2022-ல், “ஏன் தாமதம்? வேறு ஆளுக்குக் கொடு” என்று சிலர் நச்சரித்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆசாமி உதவி செய்வதுபோல் உள்ளே வந்து, நம்பிக்கை பெற்று, 2024-ல் கள்ளக் கதவொன்றை அதில் வைத்துவிட்டான். டெபியனின் சோதனைப் பதிப்பில்கூட அது நுழைந்துவிட்டது. தன் கம்ப்யூட்டர் அரை விநாடி தாமதிப்பதைக் கண்டு சந்தேகித்த ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்பவரால் அவ்வாண்டு மார்ச்சு 29-ந் தேதி குட்டு வெளிப்பட்டது. எழுதப்பட்டது எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தது உண்மை. பார்க்கத்தான் ஆளில்லை!

இதற்கு அந்த ஒரு மனிதர்மேல் பழி போடுவது அயோக்கியத்தனம் என்றே சொல்லுவோம். ஒருவன் உழைக்க, ஊரெல்லாம் உண்டு, உண்ட பிறகு அவனையே அதட்டுவது இந்நாட்டுக்குப் புதிதா? துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி ஊர் எப்பொழுது நினைக்கிறது? சாக்கடை அடைத்துக் கொண்ட அன்றுதானே!

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். எந்தப் பொதுக் காரியத்திலும் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று பேரிடமாவது இருக்க வேண்டும். யார், எப்படி, எத்தனை காலத்திற்குத் தீர்மானிப்பது என்பதை எழுதி வைக்க வேண்டும். களைத்தவர் அவமானமின்றி விலக வழி வேண்டும். இலாபம் சம்பாதிக்கிற கம்பெனிகளும் சர்க்காரும் பணத்தாலும் ஆளாலும் பங்கு செலுத்த வேண்டும். நெய்வேலியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கம்ப்யூட்டர் கற்ற வாலிபர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் இருவர் மூவராய்ச் சேர்ந்து, தமிழுக்கு வேண்டிய ஒரு சிறு மென்பொருளின் பராமரிப்பை ஏற்றுக் கொள்வார்களானால், அது புதிதாய்ப் பத்து ஆரம்பித்துப் பாதியில் விடுவதைவிட மேலான தொண்டாகும். எல்லோருக்கும் சொந்தம் என்பவர்கள், எல்லோருக்கும் வேலை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?