மூன்றாவது முறையும் வாசலில் ஒருவர் நிற்கிறார்

தோழர்களே,

ஜூலை 19, 2022, செவ்வாய் இரவு. மின்வெட்டு நேரம். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவசரமாக எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் நாடாளுமன்றத்தில் 225 பேர் இரகசிய வாக்குப் போட்டு நமக்கொரு ஜனாதிபதியைத் தெரிவு செய்யப்போகிறார்கள். 69 இலட்சம் வாக்கு வாங்கி ஜனாதிபதியாக வந்த கோட்டாபய ராஜபக்ச, 13ஆம் திகதி விடியமுன் மாலைதீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூரில் இறங்கி, விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். அவரை விரட்டியது இந்த 225 பேரில் எவருமில்லை. பெற்றோல் வரிசையில் நின்று கால் வீங்கிய சனமும், ரயிலை மறித்து ஏறிக் கொழும்புக்குப் போன பெடியளும்தான் விரட்டினார்கள்.

இன்று பின்னேரம் முழுக்கத் தொலைபேசியில் ஒரே கேள்வி: "தோழர், டலஸ் பரவாயில்லையோ?"

டலஸ் அழகப்பெருமவின் பெயரை இன்று முன்மொழிந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் சஜித். வழிமொழிந்தவர் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவுக்குத் தவிசாளராக இருக்கும் பேராசிரியர் பீரிஸ். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் டலஸையே ஆதரிப்பதாக முடிவெடுத்துவிட்டது. இந்த ஏப்ரல் வரை கோட்டாபயவின் ஊடக அமைச்சராக இருந்தவர், நாளைக்கு ராஜபக்சக்களுக்கு எதிரான நம்பிக்கையாம். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமுமில்லை. ஆனால் நமக்கு ஞாபகம் என்றொன்று இருக்கிறது.

இது நமக்கு முதல் முறையில்லை, தோழர்களே. முதலில் வந்தவர் சரத் பொன்சேகா. போரை நடத்திய இராணுவத் தளபதி. இந்த நாடு சிங்களவருடையது என்று 2008இல் ஒரு கனடிய நாளிதழுக்குச் சொன்னவர். போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் புகை அடங்கி எட்டு மாதத்தில், 2010 ஜனவரித் தேர்தலில், அன்றைய ஜனாதிபதி மகிந்தவைத் தோற்கடிக்க அவருக்கு வாக்களியுங்கள் என்று நம்மிடம் கேட்டார்கள். முகாமிலிருந்து திரும்பி, கூரையில்லாத வீட்டில் இருந்த சனத்திடம் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் அவருக்கே போட்டார்கள். அதைவிடப் பெருந்தொகையானோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அப்படிப் போகாதவர்களை நாம் அன்றைக்குத் திட்டினோம். நானும் திட்டினேன்.

அந்தத் தேர்தலுக்கு முந்திய மாதம் ஒரு விஷயம் நடந்தது. வெள்ளைக்கொடியோடு சரணடைய வருபவர்களை ஏற்கவேண்டாம் என்று அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய உத்தரவிட்டதாக பொன்சேகா சொன்னார் என்று ஒரு கொழும்பு ஆங்கில வார இதழ் எழுதியது. நாடே அதிர்ந்தது. சில நாட்களில் பொன்சேகா, தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார். அந்தப் பேட்டிக்காகவே 2011இல் அவருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனையும் விதித்தார்கள். சிறை போனவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரிடமிருந்து நமக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: அவருக்குத் தெரிந்தது. நாம் அவருக்கு வாக்கைக் கொடுத்தோம், அவர் அந்த ஒன்றை மட்டும் தரவில்லை. பிறகு ஃபீல்ட் மார்ஷல் ஆனார், அமைச்சரும் ஆனார். சத்தியம் செய்து எந்த நீதிமன்றத்திலும் போர் முடிந்த அந்த 2009 மே மாதத்தின் கதையைச் சொன்னாரில்லை.

இரண்டாமவர் மைத்திரிபால சிறிசேன. அப்பம் தின்ற கதை எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் இரவு மகிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு, 2014 நவம்பர் 21 அன்று எதிரணியின் பொது வேட்பாளராக மேடையேறினார். மகிந்தவின் கட்சிக்கே பொதுச் செயலாளர். மகிந்தவின் மூத்த அமைச்சர். ஜனாதிபதிப் பதவிக்கு இரண்டு தவணைதான் என்ற வரம்பை உடைத்த 18ஆவது திருத்தம் 2010இல் 161 வாக்குகளோடு நிறைவேறியபோது அரசாங்கத்தில் இருந்தவர். போரின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சர். இதை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, 2018இல் நியூயோர்க்கில் அவரே வாய்விட்டுச் சொன்னார்.

2015 ஜனவரி 8. யாழ். மாவட்டத்தில் விழுந்த வாக்குகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று அவருக்கு. நம் வாக்கில்லாமல் அவர் வென்றிருக்க முடியாது. எதுவும் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், பொய் சொல்லித் தோழர்களைத் திரட்டுகிற பழக்கம் நமக்கு வேண்டாம். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தம் வந்தது, தகவலறியும் சட்டம் வந்தது, ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வான் பற்றிய பயமில்லாமல் கூட்டம் போட முடிந்தது, இராணுவம் பிடித்திருந்த காணியில் கொஞ்சமும் விடுபட்டது. ஆனால் மூடிய கதவு எது? போரின்போது வன்னிப் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஜகத் ஜயசூரிய மீது பிரேசிலில் போர்க்குற்ற வழக்குத் தொடுத்தபோது, எந்தப் போர்வீரனையும் யாரும் தொட விடமாட்டேன் என்று 2017இல் சிறிசேன மேடையில் முழங்கினார். உள்ளே இருந்து வந்தவர், உள்ளே இருந்ததைக் காப்பாற்றினார்.

அடுத்த வருடம், அக்டோபர் 26 இரவு, யாரை வீழ்த்துவதற்காக வந்தாரோ அதே மகிந்தவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பிரதமராக்கினார். நீதிமன்றம் தடுத்ததால் ஐம்பது நாளில் அந்தக் கூத்து முடிந்தது. 2020இல் அதே பெரமுனவின் பட்டியலில் பொலன்னறுவையிலிருந்து நாடாளுமன்றம் போனார். இந்த ஏப்ரலில், சனம் தெருவுக்கு வந்த பிறகு, தன் ஆட்களோடு மறுபடி வெளியேறினார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு தரம் வெளிநடப்புச் செய்த மனிதரை வேறெந்த நாட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

இப்போது மூன்றாமவர். டலஸுக்கும் எனக்கும் தனிப்பட்ட பகையில்லை. பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர், பேச்சில் பண்பானவர் என்று சிங்களத் தோழர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. ஒரு தனிமனிதரின் கையில் நாட்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்த அந்த வாக்குகளில் டலஸின் வாக்கும் இருந்தது, பீரிஸின் வாக்கும் இருந்தது. இந்த மார்ச் மாதம் அமைச்சர் பதவி பறிக்கப்பட்டுத் திடீரென்று வீரரான விமலின் வாக்கும் கம்மன்பிலவின் வாக்கும் இருந்தன. வெட்கத்தோடு சொல்கிறேன், நாம் ஒரு காலத்தில் தோழர் என்று அழைத்த வாசுதேவவும் கோட்டாபயவின் அமைச்சரவையில்தான் இருந்தார். இடதுசாரி என்ற பெயரை அடகு வைத்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு, இந்தக் கடிதம் அவர்களுக்கும்தான்.

அப்படியானால் பதில் ஜனாதிபதி ரணிலா என்று கேட்பீர்கள். இல்லை! பெரமுனவின் பெரும்பகுதி இன்றைக்கு அவர் பின்னால் நிற்கிறது. அவசரகாலச் சட்டத்தை அறிவித்துவிட்டுத்தான் அவர் இந்தப் போட்டிக்கே வருகிறார். அந்த மண்டபத்துக்குள் யார் வென்றாலும் அது அவர்களுடைய கணக்கு. அதிலே நமக்கு வாக்கில்லை. நம்மிடம் இருப்பது வேறொன்று: யாரை நம் மேடையில் ஏற்றுவது, எந்த நிபந்தனையில் ஏற்றுவது என்ற முடிவு. அதை இன்றிரவே எடுத்தாக வேண்டும்.

வெளியே வருகிறவனை விரட்டினால் அடுத்தவன் எப்படி வருவான் என்று நேற்று ஒரு இளம் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. யாரையும் விரட்டச் சொல்லவில்லை. கப்பல் தாழும்போது குதிக்கிறவனைத் தண்ணீரிலிருந்து தூக்கத்தான் வேண்டும். தூக்கியவுடன் நம் தோணியின் சுக்கானை அவன் கையில் கொடுக்கிறோமே, அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நேரத்தோடு பேசியவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கவேண்டாம். 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தபோது, நெல் விழும், தேயிலை விழும் என்று பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாகச் சொன்னார். விவசாய அமைச்சு அவரைத் தன் பதவிகளிலிருந்து நீக்கியது. அன்றைக்கு ஒரு அமைச்சராவது அவருக்காக எழுந்து வெளியேறினாரா? ஏப்ரல் 3 இரவு அமைச்சர்கள் கூட்டமாக விலகல் கடிதம் கொடுத்தார்களே, அப்போதுகூட உரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் சிலர் வாரங்களுக்குள் புதுப் பதவியோடு திரும்பிவந்தார்கள்.

எனவே தோழர்களே, "இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: உள்ளிருந்து போராடினோம் என்பார்கள். "உள்ளே என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் நாக்கு ஒட்டும். உரத் தடைப் பத்திரத்தை அமைச்சரவை மேசைக்குக் கொண்டுவந்தது யார், எந்த நிபுணரின் பெயரால்? 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியபோது, திறைசேரி காயும் என்று எச்சரித்த அதிகாரிகள் யார், அவர்களை அடக்கியது யார்? மே 9 அன்று பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து பொல்லோடு புறப்பட்டுக் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் நம் பிள்ளைகளின் கூடாரங்களைக் கொளுத்தினார்களே, அந்தக் கூட்டத்தை ஏற்றிவந்த பஸ்களுக்குக் காசு கொடுத்தது யார்? பணவீக்கம் கடந்த மாதம் 54.6 வீதம். குருநகர்க் கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கவிழ்த்துக் கிடக்கின்றன. தோட்டத்தில் கோதுமை மா விலை கேட்டு லயத்துக்குள் அடுப்பு எரியவில்லை. இதற்கான பொறுப்பு ஆட்களின் பெயரோடு பதிவாக வேண்டாமா?

வடக்கில் நம்மிடம் இன்னும் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். 1900 நாள் தாண்டிவிட்டது. பலர் அந்தக் கொட்டிலில் இருந்தே செத்துப்போனார்கள். போர் முடிந்தபோது வட்டுவாகலில் தன் கையால் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்த தாய் கேட்பது ஆட்சிமாற்றத்தை அல்ல. மகனை ஏற்றிப்போன பஸ் எங்கே போனது என்கிறாள். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 2010இலும் 2015இலும் நாம் வாக்குக் கொடுத்து அனுப்பியவர்கள், அந்த அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர்கள். அவள் கேட்டதை நாம் அவர்களிடம் ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை, தோழர்களே. நாகரிகம் பார்த்தோம். "முதலில் மகிந்த போகட்டும்" என்றோம்.

இந்த மே 18 அன்று காலிமுகத்திடலில், போரில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினார்கள். சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதை வாங்கிக் குடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த அமைச்சரவையிலும் இருந்ததில்லை. அவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் கேட்க முடிந்தது. நம் கூட்டாளிகள் அங்கே இருக்கிறார்கள். டலஸின் கூட்டாளிகளோ நேற்றைய அமைச்சர்கள்.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளை முடிவு எதுவானாலும் காலிமுகத்திடலில் இருக்கும் நம் தோழர்கள் கூடாரத்தைப் பிரிக்கவேண்டாம். வெற்றி என்று யாராவது வெடி கொளுத்தினால் அந்தப் பக்கம் போகவேண்டாம். நம் கூட்டங்களில், ஊர்வலங்களில், மே தின மேடைகளில், ராஜபக்ச அமைச்சரவையில் இருந்த எவருக்கும், என்ன பார்த்தேன் என்று எழுத்தில் கையொப்பமிட்டுத் தராதவரை ஒலிவாங்கி கிடையாது. கொடுத்தால் முன்வரிசையில் ஒரு கதிரை போடுவோம், தேத்தண்ணியும் கொடுப்போம். கூட்டமைப்பு உறுப்பினர் உங்கள் ஊரில் இருந்தால் இன்றிரவே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்து வாக்கைக் கொடுக்கப்போகிறீர்கள், எழுத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் காட்டச் சொல்லுங்கள். காணாமலாக்கப்பட்டோர் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். மலையகத் தோழர்கள் தங்கள் உறுப்பினர்களிடம் இதே கேள்வியை, தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரகசிய வாக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு மனம் மாறுகிறவர்கூடத் திரைக்குப் பின்னால்தான் மாறுவார். மறுநாள் இரு பக்கமும் போய்க் கைகுலுக்கலாம். ஆகையால் கேள்வி இன்றைக்கே, முகத்துக்கு முகம்.

நாளை காலை எட்டு மணிக்கு யாழ். பஸ் நிலையத்துக்கு முன்னால் கூடுகிறோம். பெற்றோல் இல்லாதவர்கள் சைக்கிளில் வாருங்கள், தூரத்துத் தோழர்கள் இருவர் இருவராக டபிள் போட்டு வாருங்கள். கேள்விகளைத் தாளில் எழுதி ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்திலும் கையளித்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கப்போகிறோம். போட்டோகொப்பிக் கடையில் தாள் முடிந்துவிட்டதாம். வீட்டில் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாத பக்கம் இருந்தால் கிழித்துக்கொண்டு வாருங்கள், பேனையும் மறக்கவேண்டாம்.