சோம்பேறிப் பட்டம் யாருக்கு?

"கல்லூரிப் பிள்ளைகள் சோம்பேறிகள், இன்று எழுத வேண்டியதை நாளைக்குத் தள்ளுகிறார்கள்" என்று கனவான்கள் கூப்பாடு போடுகிறார்கள். செந்துறை முந்திரிக் காடுகளிலும் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளிலும் வேர்வை சிந்தும் நம்மில் சிலரும் அதை நம்பி, பெற்ற பிள்ளைகளையே ஏசுகிறோம். இந்த அபாண்டத்தை நாம் மறுக்கிறோம்.

பாடத்தைத் தள்ளிப்போடுவது உண்டு, வாஸ்தவம். 1984ல் சாலமன், ராத்பிளம் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 342 மாணவர்களை விசாரித்தனர். தோற்றுவிடுவோமோ என்ற பயமும், அந்த வேலையின் மீதுள்ள வெறுப்புமே பெருங்காரணங்கள் என்று கண்டனர். பயத்தைச் சொன்னதில் பெண்களே அதிகம். நம் ஊரில் அந்தப் பயம் எங்கிருந்து பிறக்கிறது? "ஒரு பாடம் போனாலும் படிப்பு போதும், கல்யாணத்தைப் பண்ணிவிடலாம்" என்ற பேச்சு மகனைப் பார்த்தா எழுகிறது, மகளைப் பார்த்தா?

நேரக் கணக்கையும் பார்ப்போம். மத்திய சர்க்காரின் 2024ஆம் ஆண்டு ஆய்வுப்படி, வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிஷம் உழைக்கிறாள். ஆண் 88 நிமிஷம். எல்லா வயதினருக்குமான சராசரி இது. வித்தியாசம் 201 நிமிஷம்! மகன் சொல்லும் காரணம் வேறு: பஸ் செலவுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் விடுமுறையில் கூலிக்குப் போகிறான். இருவருக்கும் பறிபோவது படிக்கும் நேரம்.

நம் பிள்ளைகளா சோம்பேறிகள்? செந்துறையை அடுத்த குழுமூர் அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 2017ல் 1200க்கு 1176 மார்க் வாங்கினார். அப்படியும் நீட் தேர்வு மருத்துவக் கல்லூரிக் கதவை அடைத்தது. அவரை நாம் பறிகொடுத்தோம்.

2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயை வரவேற்கிறோம். ஆனால் அடுப்படியில் போகும் நேரத்தை அது மீட்டுத் தராது. விடுதிகளில் இடம் பெருக வேண்டும். உதவித்தொகை பருவத் தொடக்கத்திலேயே கைக்கு வர வேண்டும்.

தோழர்களே! 1923ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய வர்க்கம் நாம். ஆலையில் சங்கு ஊதினால் நமக்கு வேலை முடிகிறது. நம் வீட்டுப் பெண்ணுக்கு எந்தச் சங்கு ஊதுகிறது? சர்க்காரிடம் கோரிக்கை வைக்கும் நாம், இன்றிரவே மகளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தை நாமும் மகனும் கழுவுவோம்!