பழைய பட்ஜெட் போனில் கஸ்டம் ரோம் போடலாமா? யுபிஐ வேலை செய்யுமா? முழு விவரம்

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் டீக்கடை, காய்கறிக் கடை வைத்திருக்கும் பலருக்கு இன்று செல்போன்தான் கல்லாப்பெட்டி. ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு ஆண்ட்ராய்டு அப்டேட் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே நின்றுவிடுகிறது. "புது போன் எதுக்கு? கஸ்டம் ரோம் போட்டா போதும்" என்ற பேச்சு உண்மையா?

கஸ்டம் ரோம் என்றால் என்ன?

போன் நிறுவனம் கொடுத்த ஆண்ட்ராய்டை நீக்கிவிட்டு, தன்னார்வலர்கள் உருவாக்கிய ஆண்ட்ராய்டைப் போடுவது. 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் மூடப்பட்டதும் அதன் தொடர்ச்சியாக வந்த லினியேஜ் ஓஎஸ் இதில் பிரபலம்.

ஆனால் பட்ஜெட் மாடல்கள் பலவற்றுக்கு தனி ரோம் கிடையாது. அவற்றுக்கான வழி ஜிஎஸ்ஐ எனப்படும் பொது சிஸ்டம் இமேஜ். 2017-ல் ஆண்ட்ராய்டு 8 உடன் கூகுள் கொண்டுவந்த 'ப்ராஜெக்ட் ட்ரெபிள்', ஆண்ட்ராய்டையும் போன் நிறுவனத்தின் மென்பொருளையும் தனித்தனியாகப் பிரித்தது. அதனால் ஒரே இமேஜை பல மாடல்களில் போட முடிகிறது.

எது சரியான இமேஜ்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ப்ராசஸர் 64 பிட்டாக இருந்தாலும், 2 ஜிபி, 3 ஜிபி ரேம் உள்ள பல போன்களில் ஓடுவது 32 பிட் ஆண்ட்ராய்டு. இதற்குப் பெரும்பாலும் 'ஏ64' இமேஜ் தேவை. 'ஆர்ம்64' போட்டால் போன் லோகோவைத் தாண்டாது. 'ட்ரெபிள் இன்ஃபோ' செயலி எந்த இமேஜ் பொருந்தும் என்று காட்டிவிடும்.

எப்படிப் போடுவது?

* போட்டோ, காண்டாக்ட் எல்லாவற்றையும் பேக்கப் எடுக்க வேண்டும்.
* அதே மாடலின் ஒரிஜினல் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது தவறினால் போனை மீட்க அதுதான் வழி.
* பூட்லோடரைத் திறக்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் இதை அனுமதிப்பதில்லை. திறந்தவுடன் போனில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.
* அதன்பிறகே 'ஃபாஸ்ட்பூட்' மூலம் இமேஜை ஏற்ற வேண்டும்.

யுபிஐ என்னாகும்?

பெரிய சிக்கலே இதுதான். போன் நம்பகமானதா என்பதை பல வங்கி, யுபிஐ செயலிகள் கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' மூலம் சோதிக்கின்றன. ஆண்ட்ராய்டு 13 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கு இந்தச் சோதனை 2025 மே மாதம் கடுமையாக்கப்பட்டது. பூட்லோடர் திறந்திருப்பதை ஹார்டுவேரே காட்டிக்கொடுத்துவிடும். ரோம் புதிதாக இருந்தாலும் பணம் அனுப்பும் செயலி திறக்க மறுக்கலாம்.

ஐஎம்இஐ உஷார்

ரோம் ஏற்றும்போது தவறுதலாக போனை முழுவதும் ஃபார்மேட் செய்தால் ஐஎம்இஐ எண் அழிந்து, சிக்னலே கிடைக்காமல் போகலாம். "வேற நம்பர் எழுதித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன்படி ஐஎம்இஐயை மாற்றுவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேலை தொடங்கும் முன் *#06# அழுத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போ, போடலாமா?

வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது போன் என்றால் தாராளமாக முயலலாம். பிள்ளைகளின் படிப்புக்கோ, பாட்டு கேட்கவோ இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கடைப் பணம் வந்து விழும் ஒரே போன் அதுதான் என்றால், கை வைக்காமல் இருப்பதே நல்லது.