சிறுவர்க்கும் ஒரு வழக்கறிஞர்

மாணவர்களே! பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். எனினும், அவன் பொற்கொல்லன் உரைத்ததைக் கேட்டான். கோவலன் உரைப்பதைக் கேட்டானில்லை. ஒரு பக்கத்துச் சொல்லே தீர்ப்பாயிற்று. நல்லவன் கையிலும் நீதி தவறக்கூடும் என்பதைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். குற்றஞ்சாட்டப்பட்டவன் சிறுவனாயின் இவ்விடர் இன்னும் பெரிதாகும். அவன் சட்டம் அறியான். அச்சத்தால் அவன் நா எழாது. அவன் பொருட்டுப் பேசுவார் யார்?

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் 1899ஆம் ஆண்டு சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றிற்று. அத்தகைய மன்றங்களில் நீதிபதி தந்தைபோல் இருந்து பிள்ளையைத் திருத்துவார். ஆதலின் வழக்கறிஞர் வேண்டுவதில்லை எனப் பலரும் கருதினர். எண்ணம் நல்லதே. விளைவு யாது?

1964ஆம் ஆண்டு, அந்நாட்டின் அரிசோனா மாநிலத்தில், அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் தகாத சொற்கள் பேசியதாக 15 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிக்கப்பட்டான். வேலைக்குச் சென்றிருந்த பெற்றோர்க்கு எவரும் செய்தி சொல்லவில்லை. முறையிட்ட பெண்மணி நீதிபதியின் முன் வரவேயில்லை. சிறுவனுக்கு வழக்கறிஞரும் இல்லை. 21 வயது நிரம்பும் வரை அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என ஆணை பிறந்தது. வளர்ந்தவர் அக்குற்றத்தைச் செய்திருப்பின், 50 டாலர் வரை தண்டம், அன்றேல் 2 திங்களுக்கு மேற்படாத சிறை. சிறுவனுக்கோ 6 ஆண்டு வரை காவல்! திருத்துதல் என்னும் பெயரால் நேர்ந்த கொடுமை இது.

பெற்றோர் சோர்ந்திலர், வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குற்றச்சாட்டை உரிய காலத்தில் அறிவித்தல் வேண்டும். வழக்கறிஞர் துணை வேண்டும். சாட்சியை எதிர்வினாவ இடந்தரல் வேண்டும். தன்மேல் தானே குற்றஞ்சொல்லுமாறு சிறுவனைக் கட்டாயப்படுத்தலாகாது என அம்மன்றம் 1967ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலோ, சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்மீதான குற்றச்சாட்டை ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அடங்கிய குழுமம் ஆராய்கின்றது. சிறுவனுக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்தல் அக்குழுமத்தின் கடமையாகும். வறுமை அதற்குத் தடையன்று. அவ்வுதவிக்குக் கட்டணம் இல்லை.

"குற்றம் செய்தவனைத் தப்புவிக்கவா வழக்கறிஞர்?" எனச் சிலர் வினவுவர். அன்று. குற்றம் உண்டா இல்லையா என்பதை இரு பக்கமும் கேட்டுத் தெளிதற்கே அவர் வேண்டும். தவறு செய்த பிள்ளையும், தன் சொல் கேட்கப்பட்டது என்று உணர்ந்தால் தீர்ப்பை மதிப்பான், திருந்தவும் செய்வான். கேளாது ஒறுத்தால் அவன் உள்ளத்தில் வெறுப்பே வளரும்.

ஆயினும், ஏட்டிலுள்ள சட்டம் மட்டும் போதாது. விசாரணை நாளன்று வாயிலில்தான் பிள்ளையின் முகத்தை முதன்முதலாகக் காணும் வழக்கறிஞர் பெயரளவில் வழக்கறிஞரே. முன்னரே சென்று, அருகமர்ந்து, அவன் மொழியில் பேசி, அவன் கருத்தறிந்து, அதனை அவைக்கு எடுத்துரைப்பவரே உண்மைத் துணைவர்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் வழக்கறிஞராகலாம், சிலர் நீதிபதியாகலாம். இரக்கம் பெரிதுதான், ஆனால், கேட்ட பின்னர்க் காட்டும் இரக்கமே நீதியாகும். இதனை மறவாதீர்கள்.